காணொளிக்குக் கருவி தேர்தல்: தொடக்கநிலை மாணவர்க்குச் சில குறிப்புகள்

தோற்றுவாய்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் பழைய நுழைவாயில் வளைவு ஒன்று நிற்கிறது. திருச்செங்கோட்டில் 1907ஆம் ஆண்டு பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1935ஆம் ஆண்டு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் எச்சம் அது. 1937இல் ‘சதி அகல்யா’வில் தொடங்கி, 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய ‘பாலன்’, 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ என நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தன. படம்பிடித்தலும் ஒலிப்பதிவும் படச்சுருள் கழுவுதலும் வெட்டி ஒட்டித் தொகுத்தலும் ஒரே வளாகத்துள் நிகழ்ந்தன என்பதே அந்நாளில் பெருமையாகப் பேசப்பட்டது. அவ்வளாகத்தின் பணிகள் அனைத்தையும் இன்று மாணவர் ஒருவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்பிற்கு வருகிறார். ஆயினும் அவரிடம் மாறாத வினா ஒன்று உண்டு: “ஐயா, எந்தக் காமிரா வாங்கலாம்?”

இவ்வினாவைச் சென்ற ஆண்டு எம்மிடம் கேட்ட மாணவரின் தந்தையார் நாமக்கல்லில் லாரி ஓட்டுபவர். அறுபதாயிரம் ரூபாய் விலையுள்ள காமிரா ஒன்றை அம்மாணவர் பார்த்து வைத்திருந்தார். தாயார் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத் தர இசைந்துவிட்டதாகவும் மகிழ்வோடு கூறினார். “ஒரு வாரம் பொறு, தம்பி” என்றோம். அவ்வொரு வாரத்தில் அவருக்குக் கூறியவற்றையே விரித்து இங்கு எழுதுகிறோம்.

காமிரா

முதற்கண் கையிலுள்ள கைப்பேசியைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. 1080 புள்ளிக் கோடுகள் கொண்ட முழுத் தெளிவுக் காட்சியைப் பதிவு செய்யும் கைப்பேசி எதுவாயினும் தொடக்கநிலைக்குப் போதும். இணையக் காணொளிகளைப் பெரும்பாலோர் பார்ப்பதும் கைப்பேசித் திரையில்தானே! நம்மைப் பார்த்துப் பேசும் முன்பக்கக் காமிராவைவிடப் பின்பக்கக் காமிராவே பெரும்பாலும் தரம் மிக்கது. முகம் தெரியவில்லையே என்று கவலுறாமல் நண்பர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதையே பயன்படுத்துக. விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் படமெடுத்தலை அறவே விலக்குக. அஃது உண்மையில் படத்தை அறுத்துப் பெரிதாக்குவதே. இரண்டு அடி முன்னே நடந்து செல்வது மேல்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே, பல குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றம் காமிராவில் கரும்பட்டைகளாக ஓடும். வினாடிக்கு 25 படங்கள் என்றும், ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என்றும் அமைத்தால் பெரும்பாலும் அப்பட்டைகள் மறையும். இவற்றை மாற்ற இயலாத கைப்பேசியாயின் சாளரத்தை நோக்கிப் பேசுபவரை அமர்த்துக. காலை ஒன்பது மணி வெயில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு நிகரான விளக்கை எக்கடையிலும் விற்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018ஆம் ஆண்டு தொடங்கி, 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைக் கடந்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தன் சமையலை வயல்வெளியிலும் மரநிழலிலும் வைத்துக்கொண்டது ஈண்டு நினைக்கத் தக்கது.

தனிக் காமிரா வாங்கியே ஆகவேண்டும் என்னும் நிலை வருமாயின் மூன்றைப் பார்க்க: வெளி மைக் பொருத்தும் துளை உண்டா, முகம் நகர்ந்தால் குவியம் தானே தொடருமா, திரை நம் பக்கம் திரும்புமா. பழைய டி.எஸ்.எல்.ஆர். வகைகள் பலவற்றில் மூன்றும் ஒருங்கே இல்லை. அவற்றுட் பல, அரைமணி நேரம் நிறைவதற்குள் பதிவைத் தாமே நிறுத்திவிடும். பட்டிமன்றத்தைப் பதிவு செய்யச் சென்றவர்க்கு நடுவர் தீர்ப்பு மட்டும் கிட்டாது போகும்!

ஒலி

எம் துறையின் தவறு ஒன்றை இங்குக் கூறியே ஆகவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஓமலூர்ப் பக்கம் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் தாலாட்டுகளைப் பதிவு செய்ய மாணவர்களுடன் சென்றோம். விலையுயர்ந்த காமிரா ஒன்றை இரவல் பெற்றிருந்தோம். காட்சி ஓவியம் போல் அமைந்தது. ஆனால் காமிராவிலேயே அமைந்த மைக்கை நம்பிப் பத்து அடி தொலைவில் நின்றோம். மேலே மின்விசிறி, அடுத்த வீட்டில் விசைத்தறி. கல்லூரிக்குத் திரும்பி ஓட்டிப் பார்த்தபொழுது தறியின் ஓசையே கேட்டது. தேர்வு முடிந்து மீண்டும் செல்வோம் என்றிருந்தோம். அதற்குள் அம்மூதாட்டி காலமாகிவிட்டார். அவர் உதடுகள் அசையும் படம் எம்மிடம் இருக்கிறது, பாட்டு இல்லை.

எனவே பணம் செலவழிப்பதாயின் முதற்செலவு மைக்கிற்கே உரியது. சட்டையில் குத்தும் காலர் மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் அதனைப் பொருத்துக. வாங்கும்பொழுது செருகியைக் கவனிக்க: கைப்பேசிக்குரியதில் கருவளையங்கள் மூன்று, காமிராவுக்குரியதில் இரண்டு. மாற்றி வாங்கினால் ஒலி பதியாமற் போகலாம். செருகித் துளையே இல்லாத புதிய கைப்பேசிகளுக்கு அதற்குரிய இணைப்பி வேண்டும். பதிவுக்கு முன் மின்விசிறியை நிறுத்துக. பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற தறியூர்களில் மின்தடை நேரமே ஒலிப்பதிவுக்கு நல்ல நேரம் என்று கண்டுகொண்டோம்.

தொகுப்பு மென்பொருள்

கைப்பேசியிலேயே தொகுப்போர்க்குக் கைன்மாஸ்டர், இன்ஷாட் முதலியன உள. இலவசப் பதிப்புகள் தம் முத்திரையைப் படத்தில் பதிக்கும்; அதற்கு நாணுதல் வேண்டா. கணினியில் தொகுப்போர்க்குத் தாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு திரைப்படத் துறையினரும் கையாளும் தரமுடையது. எனினும் அதற்கு 16 ஜி.பி. நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் வேண்டும். பழைய கணினிக்கு ஷாட்கட், கேடன்லைவ் என்னும் கட்டற்ற மென்பொருள்கள் ஏற்றவை. விலைக்குரிய மென்பொருளின் திருட்டுப் படியை நண்பரிடம் வாங்கி நிறுவுதல் பெருவழக்காக உள்ளது. பிறர் உழைப்பை விலையின்றிக் கொள்வது முறையன்று என்பது ஒருபுறமிருக்க, நச்சுநிரல் நுழைந்து ஓராண்டுப் பதிவுகளும் அழிந்துபோகக் கூடும்.

தமிழ்த்துறை மாணவர் மென்பொருளைத் தேர்வதற்கு எம் சோதனை ஒன்று உண்டு. ‘கொடை’, ‘சொற்போர்’, ‘மௌனம்’ என்னும் மூன்று சொற்களையும் ஒருங்குறியில் தலைப்பாக இட்டுப் பார்க்க. சில மென்பொருள்கள் கொம்பை எழுத்துக்குப் பின்னே தள்ளியும் துணைக்காலைப் பிரித்தும் காட்டும். எழுத்து வடிவமைப்பில் தெற்காசிய மொழிகளுக்குரிய தெரிவை இயக்கினால் சிலவற்றில் இக்குறை நீங்கும். நீங்காததை ஒதுக்குக. அழகிய காட்சியின் மேல் கொம்பு முறிந்த தமிழ் நின்றால் பார்ப்பவர் தமிழறிவையே ஐயுறுவர்.

இன்னோர் இடரும் உண்டு. பல கைப்பேசிகள் ஒளிக்கேற்ப வினாடிக்குரிய படங்களின் எண்ணிக்கையைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. கணினியில் தொகுக்கும்பொழுது நீண்ட பேச்சில் உதடு ஒருபுறமும் ஒலி ஒருபுறமுமாக விலகும். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் நிலையான எண்ணிக்கைக்கு மாற்றிய பின் தொகுத்தால் இடர் தீரும். சேமிப்பிடத்தையும் கணக்கிடுக. வினாடிக்கு 16 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நிமிடத்திற்கு 120 மெகாபைட், ஒரு மணிக்கு 7.2 ஜிகாபைட் ஆகும். 2020 ஜூனில் டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டபொழுது, மூலப் பதிவை வைத்திராது செயலியையே பெட்டகமாக நம்பியிருந்தோர் எத்தனை பேர் தவித்தனர்! மூலப் பதிவுகளைத் தனி வன்தட்டில் இரண்டு படிகளாக வைத்தல் வேண்டும்.

நாமக்கல் மாணவர் அடகுக்கடைக்குச் செல்லவில்லை. காலர் மைக் ஒன்றும் சிறு முக்காலி ஒன்றும் வாங்கினார். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் தம் தந்தையாரை நிற்கவைத்து, மரமும் இரும்பும் இணையும் வகையை அவர் வாய்மொழியாகவே பதிவு செய்தார். படம் சற்று ஆடியது. பேச்சு ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. பத்துக் காணொளிகள் முடித்த பின் காமிரா பற்றிப் பேசுவோம் என்று கூறியிருக்கிறோம். இப்பொழுது ஆறாவதைத் தொகுத்துக்கொண்டிருக்கிறார்.