உறங்க விடாத கால்கள்

இரவு மணி பன்னிரண்டு. வீட்டில் விளக்குகள் அணைந்துவிட்டன. எல்லோரும் உறங்குகிறார்கள். ஆனால் கூடத்தில் யாரோ நடக்கும் ஓசை கேட்கிறது. எழுந்து பார்த்தால் அம்மா! சுவருக்குச் சுவர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கிறார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றால், "ஒண்ணுமில்லைடா, காலெல்லாம் ஒரே குடைச்சல். நீ போய்ப் படு" என்கிறார்.

இக்காட்சியை உங்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். பகலெல்லாம் உழைத்த அசதி என்று எண்ணி நாமும் படுத்துவிடுவோம். பெரும்பாலும் அது அசதியாகவே இருக்கும். ஆனால் காலில் தோன்றும் குடைச்சல்களுள் ஒரு வகை காலில் பிறப்பதே இல்லை. அது மூளையில் பிறக்கிறது. மருத்துவர்கள் அதனை 'அமைதியற்ற கால்கள் நோய்' என்கிறார்கள். இதனைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்னும் முழுமையாகப் புரிந்துவிடவும் இல்லை.

இந்நோய் உடையவரிடம் "என்ன செய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் திணறுவார். ஒருவர் எலும்புக்குள் புழு நெளிவதுபோல் என்பார். மற்றொருவர் நரம்புக்குள் சோடா பொங்குவதுபோல் என்பார். "வலியா?" என்றால், "வலி என்றும் சொல்ல முடியாது" என்பார். ஆனால் ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல், அடக்க அடக்கப் பெருகும். எழுந்து நாலடி நடந்தால் உடனே தணியும். படுத்தால் மீண்டும் வரும். மாலையிலும் முன்னிரவிலும் கடுமையாக இருக்கும். விடியும் நேரத்தில் தானே ஓய்ந்துவிடும்.

இதை வேறு சிலவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நள்ளிரவில் கெண்டைச்சதை கல்லைப்போல் இறுகிப் பிடித்துக்கொள்கிறதே, அது தசையின் கோளாறு. சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போவது, நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. கண் அயரும்போது உடம்பு ஒருமுறை தூக்கிவாரிப்போடுவது எல்லோருக்கும் இயல்பு. இவை எவற்றிலும் நடக்கவேண்டும் என்ற அந்தத் தீராத உந்துதல் இல்லை.

இந்த நோயை முதன்முதலில் ஏட்டில் பதிவு செய்தவர் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். மூளையின் அடிப்பகுதியில் இரத்தக் குழாய்கள் வளையமாக இணைந்திருப்பதை 'வில்லிஸ் வளையம்' என்று உயிரியல் பாடத்தில் குறிப்பிடுவார்களே, அதே வில்லிஸ்தான். 1664இல் அவர் வெளியிட்ட மூளை உடற்கூறு நூலுக்குப் படங்கள் வரைந்து கொடுத்தவர்களுள் ஒருவர், பின்னாளில் இலண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். அக்காலத்து அறிஞர்கள் ஒரே துறையில் அடைபட்டுக் கிடக்கவில்லை! 1672இல் வெளியிட்ட மற்றொரு நூலில், படுக்கையில் கால்கள் துள்ளித் துடிப்பதால் உறக்கமே இழந்த நோயாளிகளைப் பற்றி வில்லிஸ் எழுதினார். சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவருக்கு எவ்வளவு உறக்கம் வருமோ, அவ்வளவுதான் இவர்களுக்கும் என்பது அவர் கருத்து. உயர்குடிப் பெண்மணி ஒருவருக்கு ஏறத்தாழ மூன்று மாதம் அபினி கலந்த மருந்து கொடுத்து உறங்க வைத்தார்.

அதன் பிறகு நெடுங்காலம் முன்னேற்றம் இல்லை. இன்னும் சொல்லப்போனால் பின்னேற்றம்தான். 1861இல் விட்மாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்கு 'கால்களின் பதற்றம்' என்ற பொருளில் ஓர் இலத்தீன் பெயர் சூட்டி, மனக்கோளாறுகளின் வரிசையில் சேர்த்துவிட்டார். பகலில் மருத்துவரிடம் வரும்போது நோயாளியின் கால்கள் அமைதியாக இருக்கின்றன. தொட்டுப் பார்த்தால் வீக்கமில்லை. தட்டிப் பார்த்தால் நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகவே 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லி அனுப்புவது எளிதாயிற்று. உறக்கமும் கெட்டு, உண்மை சொன்னால் நம்பவும் ஆளில்லாமல் எத்தனை பேர் வாழ்ந்து முடித்தார்களோ!

ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் இவர்களை நம்பினார். நோயாளிகள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, ஒப்பிட்டு, 1945இல் ஒரு தனி ஆய்வுநூலே எழுதினார். 'அமைதியற்ற கால்கள்' என்ற பெயரும் அவர் தந்ததே. கருவுற்ற பெண்களிடமும், இரத்தசோகை உள்ளவர்களிடமும், இரத்ததானம் செய்பவர்களிடமும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதை அவரே கவனித்துச் சொன்னார். இம்மூவருக்கும் பொதுவானது எது? சற்றே சிந்தியுங்கள்.

இரும்புச் சத்து! வளர்ந்த மனிதரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் உண்டு. ஒரு சிறு ஆணியின் எடைதான் இருக்கும். அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு. 350 மில்லி லிட்டர் இரத்தம் கொடுத்தால் 175 மில்லிகிராம் இரும்பு போய்விடும். நம் குடல் நாளொன்றுக்கு உறிஞ்சிக்கொள்வதோ 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. இழந்ததை ஈடுகட்ட எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கருவுற்ற தாயின் இரும்பைக் குழந்தை எடுத்துக்கொள்கிறது. அப்பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடைசி மாதங்களில் இந்தக் குடைச்சல் தோன்றி, பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

சரி, இரும்புக்கும் காலின் உந்துதலுக்கும் என்ன தொடர்பு? இந்த முடிச்சை அவிழ்க்க இன்னொரு நூல் தேவைப்பட்டது. அது துருக்கியிலிருந்து கிடைத்தது. 1982இல் அக்பினார் என்ற மருத்துவர், பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மருந்தை இந்நோயாளிகளுக்குக் கொடுத்தார். குடைச்சல் அடங்கியது. லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமைன் என்னும் வேதிப்பொருளாக மாறுகிறது. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பப் பயன்படும் தூதர்களுள் ஒன்று டோபமைன். உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மூளை இந்த டோபமைனை டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. அத்தயாரிப்பின் முதற்படியை நடத்தும் நொதி, இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. இரண்டு நூல்களும் இப்போது ஓரிடத்தில் வந்து சேர்கின்றன அல்லவா?

ஆனால் ஒரு சிக்கல். நோயாளிகள் பலரின் இரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரைச் சோதித்தார்கள். இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்னும் புரதம் அந்நீரில் குறைந்திருந்தது. இறந்தபின் தானமாகக் கிடைத்த மூளைகளை 2003இல் ஆராய்ந்தபோதும், டோபமைன் தயாரிக்கும் பகுதியில் இரும்பு குறைவாகவே காணப்பட்டது. உடம்பில் சரக்கு இருந்தும் மூளையின் கிடங்குக்குச் சரியாக வந்து சேரவில்லை! அதே ஆய்வில் ஆறுதலான செய்தி ஒன்றும் கிடைத்தது. பார்க்கின்சன் நோயில் டோபமைன் செல்கள் அழிகின்றன; இங்கே அவை அழியவில்லை. ஒரே மருந்து கேட்டதால் இரண்டும் ஒரே நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இரவில் மட்டும் ஏன்? படுப்பதால்தான் வருகிறது என்று சொல்லிவிடலாம். இதைச் சோதிக்க 1999இல் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளை இரவும் பகலும் விழித்திருக்கச் செய்து, அவ்வப்போது அசையாமல் இருக்கச் சொல்லிக் கவனித்தார்கள். பகலில் அசையாமல் இருந்தபோது தொல்லை குறைவு. நள்ளிரவை ஒட்டி உச்சம். காலையில் மீண்டும் குறைவு. ஆகவே இது படுக்கையின் குற்றமன்று. நம் உடம்புக்குள் ஓடும் இருபத்துநான்கு மணிக் கடிகாரமும் இதில் கை கோத்திருக்கிறது.

உறக்கம் வந்த பிறகாவது நிம்மதி உண்டா என்றால், அதுவும் அரைகுறைதான். 1960களில் இத்தாலியின் பொலோனா நகர ஆராய்ச்சியாளர்கள், உறங்கும் நோயாளிகளின் மூளை அலைகளையும் கால் தசைகளையும் இரவு முழுதும் பதிவு செய்தார்கள். 20 முதல் 40 விநாடிக்கு ஒருமுறை கால் பெருவிரல் மேல்நோக்கி வளைந்து, கணுக்கால் மடங்குவது தெரிந்தது. நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு இவ்வசைவு உண்டு. ஒவ்வோர் அசைவும் உறக்கத்தைக் கொஞ்சம் கிள்ளிவிடுகிறது. காலையில் அவர் களைப்போடு எழுவதற்கு இதுவும் காரணம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் ஏதோ ஓர் அளவில் உண்டு. ஆசிய நாடுகளில் இதைவிடக் குறைவு. பெண்களுக்கே மிகுதி. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. தொடர்புடைய மரபணுக்கள் சில 2007இல் கண்டறியப்பட்டன. சிறுவர்களுக்கும் வரும். வகுப்பில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் மாணவனை 'அடங்காதவன்' என்று முத்திரை குத்துமுன், இரவில் அவன் எப்படி உறங்குகிறான் என்று ஆசிரியர் ஒருமுறை கேட்கலாம்.

இதனோடு வாழ்பவர்கள் தாங்களாகவே பல உபாயங்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பேருந்தில் நடைவழி ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருவார்கள். எழுந்து நிற்க வசதி. கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிடுவார்கள். வெந்நீரோ தண்ணீரோ ஊற்றிக்கொள்வார்கள். மனத்தை ஆழ்ந்து ஈடுபடுத்தும் வேலையும் பலன் தருகிறது. சதுரங்கம் ஆடும்போது வராத குடைச்சல், சொற்பொழிவு கேட்கும்போது வந்துவிடும்! மாலைக் காப்பி சிலருக்குத் தொல்லையைக் கூட்டுகிறது. சளிக்கும் வாந்திக்கும் தரும் சில மருந்துகளும் அப்படியே.

மருந்தின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. டோபமைன் போலச் செயல்படும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களிடம் நோய் திரும்பி வந்தது. அதுவும் முன்னைவிட வலுவாக. இரவில் வந்தது பிற்பகலிலேயே வந்தது. காலில் இருந்தது கைக்கும் பரவியது. எனவே இன்றைய மருத்துவர்கள் முதலில் இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கிறார்கள். அது குறைவாக இருந்தால், இரத்தசோகை இல்லாதவருக்கும்கூட இரும்புச் சத்து தருகிறார்கள். பிறகே வேறு வகை மருந்துகள். மிகக் கடுமையான சிலருக்கு இன்றும் அபினி இனத்து மருந்துகளே, மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுகின்றன. வில்லிஸ் கேட்டால் வியந்துபோக மாட்டார்.

நம் நாட்டில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அவர்கள் எல்லோருக்கும் இந்தக் கால் நோய் வரும் என்பதில்லை. என்றாலும் பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிபவர்கள் சற்று யோசிக்க வேண்டும். மாத்திரையை விழுங்கியவுடன் தேநீர் குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். நல்லதுதானே என்று கண்டபடி விழுங்கவும் கூடாது. மிகுதியான இரும்பை வெளியேற்ற நம் உடலில் வழியே இல்லை. அது கல்லீரலில் தங்கிக் கேடு செய்யும்.

அம்மா இன்றிரவும் கூடத்தில் நடந்தால், நாளைக் காலை சில கேள்விகள் கேளுங்கள். உட்கார்ந்தால், படுத்தால் வருகிறதா? நடந்தால் அடங்குகிறதா? மாலைக்கு மேல்தான் கூடுகிறதா? எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றால், அதை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் தனி இரத்தச் சோதனையோ எக்ஸ்ரேயோ இதுவரை இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கவேண்டும்.