மடல்களில் தெரியும் மன்றோ

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு அருகே, இருப்புப்பாதை ஊடறுத்துச் செல்லும் பழங்கோட்டை ஒன்று சிதைந்து நிற்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கிய கும்பினிப் படை, இவ்வூரை அடைந்த பின்னரே சென்னை நோக்கி நகர்ந்தது. அப்படையில் 19 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோவே அவர்.

அவர் 1761இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தையார் வர்ஜீனியாவோடு வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப்போர் அவ்வணிகத்தை முறித்தது. குடும்பம் நொடித்துப்போகவே, மகன் படைப்பணி ஏற்று 1780 சனவரியில் சென்னையில் வந்திறங்கினார். அதே ஆண்டில் ஐதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தது.

காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் தலைமையில் பெரும்படை தங்கியிருந்தது. (பெயர் ஒத்திருப்பினும் இவர் வேறொருவர்.) வடக்கிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை, சில கல் தொலைவிலுள்ள புள்ளலூரில் செப்டம்பர் 10 அன்று அழிந்தது. தலைவர் உரிய காலத்தில் உதவிக்கு விரையவில்லை என்னும் பழி இன்றும் நீங்கவில்லை. அவர் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு விரைந்தார். இவற்றையெல்லாம் இளைஞர் மன்றோ தம் தந்தைக்கு மடலாக எழுதினார். தோற்ற படையிலிருந்து எழுந்த குரல் என்பதே அம்மடலின் சிறப்பு.

சகோதரி எர்ஸ்கினுக்கு 1789இல் எழுதிய மடல் நகையும் துயரும் கலந்தது. இந்தியா சென்றவரெல்லாம் செல்வத்தில் புரள்வதாக ஊரார் எண்ணிக்கொண்டிருக்க, இவரோ புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலையணையாக வைத்து உறங்கியதைச் சொல்கிறார்.

1792 முதல் 1799 வரை பாரமகாலில் நிலம் அளந்து வரி விதிக்கும் பணியில் ஈடுபட்டார். தருமபுரியில் தாம் பேணிய தோட்டத்தின் மீது அவருக்கிருந்த பற்றையும் மடல்கள் காட்டுகின்றன. ஆயினும், மடலின் இனிமையில் மயங்கி, அவர் கும்பினியின் வரியாளர் என்பதை மறத்தலாகாது. 1800 முதல் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் அவர் விதித்த வரி உழவர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. அதனைக் காற்பங்கு குறைக்குமாறு 1807இல் அவரே பரிந்துரைத்தார். மேலிடம் அப்போது இசையவில்லை.

1820இல் ஆளுநரானார். ஈராண்டு கழித்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். செங்கல்பட்டு உட்படப் பல மாவட்டங்களிலிருந்து விடைகள் வந்தன. 12,498 பள்ளிகள் இருப்பது தெரியவந்தது. வீட்டிலேயே கற்போர் அக்கணக்கில் விடுபட்டதை 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் அவரே சுட்டிக்காட்டினார். உயர்பதவிகளை இந்தியர்க்கு மறுப்பது அவர்தம் தன்மதிப்பைக் குலைக்கும் என 1824 டிசம்பர் 31 அன்று எழுதிய குறிப்பு, மேலதிகாரிகளின் போக்கையே வினவியது.

தாயகம் திரும்பும் முன், பழைய மாவட்டங்களைக் காணச் சென்றவர் 1827 சூலை 6 அன்று பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். மூன்றாண்டுகளில், கிளெய்க் என்பார் அவர்தம் மடல்களைத் தொகுத்து வரலாற்று நூலாக வெளியிட்டார்.