சோழர் என்னும் பெயர்

மூவேந்தருள் ஒருவராகிய சோழரின் பெயரை அறியாத மாணவர் இலர். எனினும், அப்பெயர் எச்சொல்லினின்று பிறந்தது என வினவின், ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு விடை கூறுவார் பலர். சோளம் என்னும் தானியப் பெயரோடு இயைப்பர் சிலர். கள்வன் எனப் பொருள்படும் 'சோர' என்னும் வடசொல்லோடு இயைப்பர் வேறு சிலர். உறையூர்க்குக் கோழி என்றும் ஒரு பெயருண்மையின், அதுவே திரிந்து சோழ என ஆயிற்றோ என ஐயுறுதலும் கூடும். இவை கொள்ளத்தக்கனவா என ஆராய்வாம்.

முதற்கண், இப்பெயரைப் பிறர் எழுதிய முறையை நோக்குக. கி. மு. 3ஆம் நூற்றாண்டினவாகிய அசோகனுடைய 2ஆம், 13ஆம் பாறைச் சாசனங்கள் 'சோட' என்னும். தெலுங்கு நாட்டில் ஆண்ட கிளையினரும் சோடர் எனப்பட்டனர். எல்லாளன் வரலாறு கூறும் மகாவமிசம் பாளி மொழியிற் 'சோள' என்னும். கி. பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஆசிரியர் தாலமி 'சோர' என்றார். சோழமண்டலக் கரை ஐரோப்பியர் நாவிற் 'கோரமண்டல்' ஆயிற்று.

ஒரு பெயரே ட, ள, ர என மூவகையாய் ஒலித்தமைக்குக் காரணம் யாது? அம்மொழிகளில் ழகரம் இன்மையின், அவ்வம்மொழியார் தத்தமக்கு அணித்தாய எழுத்தால் அதனை ஒலித்தனர். நம் 'கோழி' தெலுங்கிற் 'கோடி' ஆவதும், 'ஏழு' 'ஏடு' ஆவதும் இம்முறையானே. ஆகவே, மூலவடிவம் ழகரமுடையது என்பது தெளிவு.

இனி, முற்கூறிய கொள்கைகளை இவ்வளவைகொண்டு நோக்குவாம். சோளம் ளகரமுடையது; பண்டைத் தமிழில் ளகரமும் ழகரமும் வேறு வேறு ஒலிகள். 'சோர' என்பது தமிழிற் புகுந்தபோது 'சோரன்' என ரகரத்தோடே வழங்கியது, ழகரமாய்த் திரிந்திலது. ககரம் சகரமாதல் இகர எகரங்களின் முன்னும் அவற்றின் நெடில்களின் முன்னுமே பெருவழக்கு. கன்னடக் 'கிவி' தமிழிற் 'செவி' ஆதல் காண்க. ஓகாரத்தின் முன் அத்திரிபு நிகழாது. கோல், கோடு, கோயில் என்பன திரியாது நிற்கின்றன. எனவே கோழியும் சோழ ஆகாது.

அங்ஙனமாயின் வேர்ப்பொருள் யாது? அறிஞரிடை அது முடிவுபெற்றிலது. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியாரும் பல கருத்துக்களை எடுத்துக்காட்டினாரேயன்றி, யாதொன்றையும் துணிந்திலர். சேர சோழ பாண்டியரைத் தொன்றுதொட்டு வரும் குடிக்கு எடுத்துக்காட்டாகப் பரிமேலழகர் கூறுதலின், சோழ என்பதைப் பழங்குடிப் பெயர் எனக் கொள்ளுதலே சாலும். வளவன், சென்னி, செம்பியன், கிள்ளி என்னும் பிற பெயர்களும் அக்குடியினர்க்கு வழங்கின. குடியின் பெயர் பின்னர் நாட்டிற்கும் ஆயிற்று. சோழநாடு 'சோணாடு' என மருவியது. முதலாம் இராசராசன் காலத்தில் (985–1014) ஈழத்திற் சோழர் வென்ற பகுதியும் 'மும்முடிச் சோழமண்டலம்' எனப் பெயர்பெற்றது.

நம் நாட்டுப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாய் ஒலிக்கின்றன. பேச்சிற் கலந்தவை எழுத்திலும் கலக்குமாயின், சோழர் சோளராவர். அதனோடு, இரண்டாயிரம் ஆண்டுகட்குமேல் நின்று சான்று பகரும் ஓரெழுத்தையும் இழப்போம். மாணவர் இதனை உளங்கொள்வாராக.