பனிமலை வேண்டாம், குயவன் வீடு போதும்

அன்புள்ள தம்பிக்கு,

மே மாத வி.பி.எஸ்ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு) கோயிலை ஜோடிக்கும் பொறுப்பு இந்த வருஷம் உன் தலையில் விழுந்திருப்பதாக அம்மா சொன்னார்கள். பனிமலைதான் கரு என்றும், ஃப்ளெக்ஸுக்கும் தெர்மாகோலுக்கும் காசு சேர்க்கிறாய் என்றும் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் கடலூர் மாவட்டத்து மங்களூர் வெயிலில் பனிமலையா? பார்க்காததைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஜோடனை பாடத்தோடு ஒட்டவில்லை என்றால் அது கல்யாண மண்டப மேடைதான். முதல் நாள் வாய்பிளந்து பார்ப்பார்கள், மறுநாள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரிய ஜோடனை இல்லாமலும் வகுப்பு நடக்கும்: வி.பி.எஸ்ஸின் முன்னோடிகளில் ஒருவரான ஹாஸ் அம்மையார் 1898-இல் நியூயார்க்கில் வகுப்பு நடத்தியதே வாடகைக்கு எடுத்த ஒரு பீர்க்கடைக் கூடத்தில்தான்.

பனிமலைக்குப் பதிலாக எரேமியா 18-ஐ எடுத்துக்கொள். குயவன் வீடு. பக்கத்திலேயே விருத்தாசலம் இருக்கிறது. பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டையும் அரசுக் கல்வி நிலையமும் உள்ள ஊர். காசு வசூலிக்கும் முன் அங்கே பொம்மைப் பட்டறை ஒன்றுக்குப் போய்வா. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாக மண் இறுகும். மீதிக் கரைசலைக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அச்சைப் பிரித்தால், உள்ளீடில்லாத ஈரப் பொம்மை நிற்கும். கழித்துப்போட்ட அச்சு ஒன்றிரண்டு கேட்டுப் பார், கொடுத்தாலும் கொடுப்பார்கள். பீடத்தின் பக்கத்தில் அதை வைத்தால் எந்த ஃப்ளெக்ஸும் கிட்டே வராது.

வாசலில் இரண்டு பேசின் தண்ணீர் வை. ஒன்றில் சுடாத, காய்ந்த அகல். மற்றதில் சுட்ட ஓட்டுத் துண்டு. பாட்டு முடிவதற்குள் அகல் குழைந்து சேறாகிவிடும், ஓடு அப்படியே கிடக்கும். பிள்ளைகள் கை விட்டுப் பிசையட்டும், தடுக்காதே. 18-ஆம் அதிகாரத்தில் கெட்டுப்போன பாண்டம் திரும்ப வனையப்படுகிறது, ஏனென்றால் மண் இன்னும் ஈரம். அடுத்த அதிகாரத்திலேயே சுட்ட கலசத்தைத் தீர்க்கதரிசி உடைக்கிறார்; அதை ஒட்டவைக்க வழியில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பேசின் போதும். ஓட்டுத் துண்டை வைத்துப் பேசவேண்டியது சீனியர் வகுப்பில்.

உள்ளூர்ச் சாமானை வைத்து ஜோடித்தால் எடுபடுமா என்று சபையில் யாராவது இழுத்தால், கோணாங்குப்பம் மாதா கோயிலைச் சொல். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மாதாவுக்குப் புடவை உடுத்திப் பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். விருத்தாசலத்து அம்மன் பெயரும் அதுதான்! நம் சபையில் சொரூபம் கிடையாது, இருந்தாலும் அந்தத் துணிச்சலைக் கடன் வாங்கலாம்.

தோரணத்தை உன் கண் உயரத்தில் கட்டாதே, பிள்ளைகளின் கண் உயரத்தில் கட்டு. ஃபேனுக்குப் பக்கத்தில் காகிதம் தொங்கவேண்டாம். செலோடேப் சுண்ணாம்பை உரித்துக்கொண்டு வரும். ஆணிக்கு ஆணி கயிறு இழுத்து அதில் மாட்டிவிடு. சனிக்கிழமை சாயங்காலமே பேசின்களை அப்புறப்படுத்தித் தரையைக் கழுவிவிடு, ஞாயிறு ஆராதனைக்கு வரும் பாட்டிமார் வழுக்கி விழக்கூடாது.

அன்புடன்,
அக்கா