மருந்துக் கொள்முதலும் தகவற் பகிர்வும்

முன்னுரை

களத்துமேட்டில் நெல் அளப்போர் முதல் அளவை ‘லாபம்’ என்று தொடங்கி, அடுத்து வருவனவற்றை உரக்க எண்ணிச் சொல்வது பழைய வழக்கம். நிலமுடையோரும் அறுத்தோரும் ஒரே எண்ணிக்கையைக் கேட்டனர். ஐயத்திற்கு இடம் குறைந்தது. பொதுப்பணத்தில் பொருள் வாங்கும் அரசுக் கொள்முதலுக்கும் இவ்வழக்கு ஏற்புடையதே. தமிழ்நாட்டு மருந்துக் கொள்முதலைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கழகத்தின் தோற்றம்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை வாங்கி வழங்கும் பொருட்டுத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் நிறுவப்பெற்று, 1995 ஜனவரி முதல் மருந்து வழங்கத் தொடங்கியது. மாநிலத்தின் தேவை முழுவதையும் ஒன்றுதிரட்டி, வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோருவதால் விலை குறைகின்றது. தகுதிச் சான்றுகள் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும் பெறப்படுகின்றன. தகுதி பெற்றோரின் விலை உறையே பிரிக்கப்படும்.

கிடங்கும் கணினியும்

வாங்கிய மருந்துகள் மாவட்டக் கிடங்குகளை அடைகின்றன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் உரிய தொகை ‘பாஸ்புக்’ என்னும் கணக்கேட்டில் குறிக்கப்பெறும். மருந்து எடுக்குந்தோறும் அத்தொகையில் கழிக்கப்படும். கிடங்குகளின் இருப்பைக் கணினிவழித் தலைமையகம் அறிவதால், மருந்து தீருமுன் அடுத்த ஆணை பிறப்பிக்க இயலும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் குமரி மாவட்டத்திற்கு இதன் அருமை நன்கு புலப்படும். குளச்சலிலோ குழித்துறையிலோ எத்தனை மாத்திரைகள் எஞ்சியுள்ளன என்பதைத் தலைமையகம் அறியாதிருப்பின், இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை உண்ணும் ஏழைத்தாய் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

மறைப்பும் பகிர்வும்

தகவல்களுள் மறைக்க வேண்டியனவும் உண்டு. பிரிக்கும் நாள்வரை விலை உறை மூடப்பட்டிருத்தல் வேண்டும். தர ஆய்வுக்குச் செல்லும் மாதிரியில் தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பெறுவதும் நடுநிலை கருதியே. ஆனால் தேவை, விதிமுறை, முடிவு ஆகியவை மறைக்கத்தக்கன அல்ல. தமிழ்நாடு 1998இல் இயற்றிய ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஒப்பந்தப்புள்ளி அறிவிதழ்கள் வெளியிடப்பட வேண்டும் என விதித்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. இன்று ஒப்பந்தப்புள்ளிகள் இணையத்திலும் வெளியாகின்றன. கேரளம் 2007இலும் இராசத்தான் 2011இலும் இத்தகைய மருந்துக் கழகங்களை நிறுவின.

நிறைவுரை

கணினி, எண்ணிக்கையை விரைந்து சொல்லும் கருவியே. தவறான எண்ணை இட்டால் தவறான எண்ணையே விரைந்து சொல்லும். ஆகவே கிடங்கில் எண்ணுவோரின் நேர்மையே அடித்தளம். அவ்வெண்ணிக்கை அலுவலர் மேசையோடு நின்றுவிடலும் ஆகாது. இன்று இருப்பிலுள்ள மருந்துகள் எவை என்பது மருந்தகப் பலகையில் எளிய தமிழில் எழுதப்பெறின், வரிசையில் நிற்கும் நோயாளரும் கணக்கறிவர். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைப் படித்துப் பொருளுணரும் பயிற்சியை மாணவர் பெறுதலும் நன்று. களத்தில் ஒலித்த எண்ணிக்கை அனைவர் செவியிலும் விழுந்தது போல, பொதுப்பணத்தின் கணக்கும் அனைவரையும் எட்டச் செய்வது கற்றோராகிய நம் கடனாகும்.