ஸ்கேன் குறியீடு சொல்வது பாதிதான்

கடந்த ஆண்டு கடைக்குச் சரக்கெடுக்கப் போகும் வழியில் எனது பழைய ஹைபிரிட் காரின் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன், மீண்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. இழுத்துச் சென்ற கராஜில் ஸ்கேன் செய்துவிட்டு, "ஜெனரேட்டர் சுற்றில் பழுது, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும்" என்று பல இலட்சத்துக்குக் கணக்குத் தந்தார்கள். அந்தப் பணம் எனது கடையின் ஒரு மாதக் கொள்முதல்.

பணம் கட்டுமுன் விடயத்தை விளங்கிக்கொள்ள விரும்பினேன். விளங்கியதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

டொயோட்டா பிரியஸ் போன்ற கார்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரோ அல்டர்நேட்டரோ கிடையாது. 'எம்.ஜி.1' எனப்படும் ஜெனரேட்டரே எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்கிறது. பின்னர் மின்சாரமும் தருகிறது. அதன் சுழலும் பகுதி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை 'ரிசோல்வர்' எனும் சென்சர் கணினிக்கு அறிவிக்கும். அதற்குள் மூன்று கம்பிச் சுருள்கள். வெளியே ஆறு வயர்கள். இந்தச் செய்தி கிடைக்காவிட்டால், ஜெனரேட்டர் நல்ல நிலையில் இருந்தாலும் கணினி அதை இயக்காது.

எனது காரில் வந்த குறியீடு 'பீ0ஏ4பீ'. ஜெனரேட்டரின் நிலை காட்டும் சென்சர் சுற்று என்பதே அதன் பொருள். சுற்று என்றால் சுருள், வயர், கனெக்டர், கணினி அனைத்தும் அடங்கும். குறியீடு தெருவைக் காட்டும்; வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

இரண்டாவதாக நான் அழைத்த இளைஞர், "நானா, அளந்து பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது" என்றார். முதலில் காரை அணைத்து, சாவியைத் தூரமாக வைத்து, 12 வோல்ட் பெட்டரியின் மறை முனையைக் கழற்றினார். மின்காப்புக் கையுறையுடன் சேர்விஸ் பிளக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். 10 நிமிடம் காத்திருந்து, இன்வெர்ட்டர் முனைகளில் 0 வோல்ட் என மீட்டரில் உறுதி செய்தார். மூன்றாம் தலைமுறை பிரியஸில் மின்னழுத்தம் 650 வோல்ட் வரை ஏறும். ஆரஞ்சு நிற வயர்களில் கை வைக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது.

பின்னர் கணினிப் பக்கக் கனெக்டரில் மூன்று சுருள்களின் தடையையும் அளந்தார். ஒன்றில் தொடர்பே இல்லை. அதே சுருளை ஜெனரேட்டரின் கனெக்டரில் நேரடியாக அளந்தபோது கைநூல் குறிப்பிடும் அளவு வந்தது. அப்படியானால் சுருள் நல்லது; பழுது இடையிலுள்ள வயரில்தான். இரண்டு இடத்திலும் தொடர்பில்லை என்றால் சுருளைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சரியாகி, வயர்கள் தமக்குள்ளோ பொடியிலோ ஒட்டாமலும் இருந்தால் மட்டுமே கணினியின் மீது கை நீட்ட வேண்டும்.

வயர் பக்கக் கனெக்டரில் ஒரு முனை பச்சை பிடித்து அரித்துப் போயிருந்தது. அதை மாற்றியதும் கார் ஸ்டார்ட் ஆனது. செலவு சில ஆயிரம் ரூபாய்தான்.

நாம் நிறுக்காமல் சரக்கு வாங்குவதில்லை. 2020 முதல் பல ஆண்டுகள் நீடித்த இறக்குமதித் தடையால் நம்மில் பலர் இன்னும் பழைய ஹைபிரிட்டையே ஓட்டுகிறோம். இனி யாராவது பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே அளந்தீர்கள், என்ன அளவு வந்தது?" பதில் இல்லையென்றால், பணத்தைப் பையிலேயே வையுங்கள்.