கனமன்று, கட்டே காப்பு

தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பிரம்மபுத்திரைக் கரைக்குப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலர் புயலை அறிந்தவர்கள். கடலூர், நாகை, இராமநாதபுரம் என்று கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானிலை அறிக்கையின் பக்கம் காது தானே திரும்பும். ஆனால் நிலநடுக்கத்தை நாம் பெரும்பாலும் பாடநூலில் மட்டுமே கண்டிருக்கிறோம். இப்போது நாம் வாழும் அசாமோ இந்தியாவில் நிலம் மிகுதியாக நடுங்கும் பகுதிகளுள் ஒன்று. ஆகவே இவ்விரண்டையும் அருகருகே வைத்து, வீட்டையும் ஊரையும் எவ்வாறு காப்பது என்று ஆராய்வது நமக்குப் பயன் தரும். இயற்பியல் மாணவனாகிய நான், கணக்கைக் குறைத்துக் கருத்தைச் சொல்ல முயல்கிறேன்.

காலம் தரும் பகை, தராத பகை

புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள முதல் வேற்றுமை காலம். புயல் கடலிலே பிறந்து, வளர்ந்து, திசை காட்டி வருகிறது. செயற்கைக்கோள்கள் அதை இடைவிடாமல் பார்க்கின்றன. அது கரை கடக்கும் இடமும் நேரமும் ஓரிரு நாட்களுக்கு முன்பே ஏறத்தாழத் தெரிந்துவிடுகின்றன.

நிலநடுக்கம் அப்படி வருவதில்லை. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியத் தட்டை முட்டுகிறது. முட்டும் இடத்தில் பாறைகள் பிணங்கி நின்று, பல்லாண்டுக் காலம் இறுகி, ஒரு நாள் திடீரென வழுக்குகின்றன. எப்பகுதியில் வழுக்கக்கூடும் என்பதை அறிவியல் சொல்லும். எந்த நாளில் என்று முன்கூட்டிச் சொல்லும் முறை இன்றளவும் இல்லை.

ஆகவே புயலிலிருந்து மனிதர் விலகிப் போகலாம். நிலநடுக்கத்தை, இருந்த இடத்திலேயே சந்திக்க வேண்டியதுதான். அந்தச் சில நொடிகளில் நம்மைக் காப்பதும் கொல்வதும் நாம் இருக்கும் கட்டடமே. நிலம் நடுங்குவதால் மட்டும் இறப்பவர் மிகச் சிலர். இடிந்து விழும் சுவரும் கூரையும் கொல்வதே பெரும்பான்மை.

சுமையே விசையாகும்

நகரப் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறோம். வண்டி திடீரெனப் புறப்பட்டால் கால் வண்டியோடு போகிறது. தலை பின்னே நிற்கிறது. வீட்டுக்கும் இதே நிலைதான். நிலம் அடித்தளத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. கூரை, நிலைமத்தால், இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வது சுவர்.

அந்த விசை எவ்வளவு? எடையையும் முடுக்கத்தையும் பொறுத்தது. 20 அடிக்கு 16 அடி அறையின்மேல் 12 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால், அதன் எடை ஏறத்தாழ 9 டன். நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பின் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அப்போது சுவர்களைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, தளத்தால் மட்டும், ஏறத்தாழ 1.8 டன் எடைக்குச் சமம். அதே அறைக்கு மரச்சட்டத்தின்மேல் தகரக் கூரை வேய்ந்தால் மொத்தம் அரை டன் இருக்கும். தள்ளும் விசை 100 கிலோ அளவே. சுமை மிகுந்தால் விசையும் மிகும். இது நியூட்டன் விதியின் நேரான விளைவு.

அசாம் கற்ற பாடம்

இதை அசாம் மக்கள் துன்பப்பட்டுக் கற்றார்கள். 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மாலை ஷில்லாங் மேட்டுநிலத்தில் ஏற்பட்ட நிலநடுக்கம், உலகம் கண்ட பெரிய நடுக்கங்களுள் ஒன்று. ஷில்லாங்கிலும் குவாஹாத்தியிலும் கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட கட்டடங்கள் நொறுங்கின. நிலவியல் துறையைச் சேர்ந்த ஓல்டாம் என்பவர் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதிய அறிக்கை, நிலநடுக்கவியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

அந்த அழிவுக்குப் பின் பரவியதுதான் ‘அசாம் வகை வீடு’. நம் வளாகத்தைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் இன்றும் இதைக் காணலாம். மரத்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின் இடைவெளியில் ‘இகரா’ என்னும் நாணல் தட்டி, அதன்மேல் பூச்சு, உச்சியில் தகரக் கூரை. சுவரின் கனம் சில அங்குலமே. நிலம் ஆடினால் வீடும் சேர்ந்து ஆடும். பூச்சு உதிர்ந்தாலும், உதிர்வது உயிரைப் போக்கும் பாரம் அன்று.

தென்னாட்டிலிருந்து வரும் நமக்கு அந்த வீடுகள் ஏழ்மையின் அடையாளமாகத் தோன்றக்கூடும். அவை அறிவின் அடையாளம். இன்று குவாஹாத்தியில் அவற்றை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்புகிறார்கள். கான்கிரீட் கட்டடம் தீது என்று நான் சொல்லவில்லை. முறையோடு கட்டினால் அதுவும் நிற்கும். அந்த முறை எது என்பதே கேள்வி.

காற்று கேட்கும் எதிர்க்கணக்கு

இங்கே ஒரு முரண் எழுகிறது. இலேசான வீடே நல்லதென்றால், புயலுக்கு என்ன செய்வது?

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ எடைக்குச் சமம். கூரையின்மேல் விரைந்தோடும் காற்று, கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்துச் சன்னல் திறந்துகொண்டால் உள்ளேயிருந்தும் தள்ளுகிறது. நாம் மேலே கண்ட தகரக் கூரையின் எடை, சதுர மீட்டருக்கு 17 கிலோவே. அது பறக்காமல் என்ன செய்யும்? 300 கிலோ எடையுள்ள கான்கிரீட் தளமோ அசையாது.

நிலநடுக்கம் இலேசான கூரையைக் கேட்கிறது. புயல் கனத்த கூரையைக் கேட்கிறது. இரண்டுக்கும் பொதுவான விடை ஒன்று உண்டா?

உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் ஊரும் அதன் வழியில்தான் இருந்தது. சமையற்கட்டின் ஓட்டுக்கூரை சரிந்து போயிற்று. தென்னங்கீற்று வேய்ந்த மாட்டுக்கொட்டகை நின்றது. அப்பா முதல் நாளே கூரைக்குக் குறுக்கே கயிறு போட்டு, நான்கு மூலையிலும் முளை அடித்துக் கட்டியிருந்தார். ஓடு கீற்றைவிடக் கனமானதுதான். ஆனால் ஒவ்வோர் ஓடும் தனித்தனி. கீற்று இலேசானதுதான், ஆனால் அது முழுவதும் ஒரே கட்டு.

கட்டு என்பதே அந்தப் பொது விடை. கூரை சுவரோடும், சுவர் சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் கட்டுண்டு நின்றால், காற்று மேலே இழுத்தாலும் நிலம் பக்கத்தில் இழுத்தாலும் வீடு ஒரே உடலாக எதிர்க்கிறது.

கட்டியவையும் கட்டாதவையும்

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. 1931ஆம் ஆண்டில் பலுசிஸ்தானத்தில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் எஸ். எல். குமார் என்னும் இளம் இரயில்வே பொறியாளர், குவெட்டா நகரில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளைப் புதிய முறையில் வடிவமைத்தார். பழைய தண்டவாளங்களைச் சட்டமாக நிறுத்திச் சுவர்களை அவற்றோடு பிணைத்தார். 1935ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் குவெட்டா நகரமே மண்மேடாயிற்று. பல்லாயிரம் பேர் மாண்டனர். அந்தக் குடியிருப்புகள் நின்றன.

1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விடியற்காலை மராட்டியத்தின் லாத்தூர்ப் பகுதி நடுங்கியது. அதன் அளவு 6க்குச் சற்று மேல்தான். ஆயினும் ஏறத்தாழ 8,000 பேர் உறக்கத்திலேயே இறந்தனர். அங்கே சுவர்கள் இரண்டடிக்கும் மேற்பட்ட கனம், கல்லும் மண்சாந்தும். சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியே அடுக்கப்பட்டு, இடையில் சல்லி நிரப்பப்பட்டிருந்தது. இரு முகங்களையும் பிணைக்கும் நீளக்கற்கள் இல்லை. மேலே கனத்த மண்கூரை. கனம் காக்கவில்லை, கனமே புதைத்தது.

2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் குஜராத்தின் கட்ச் பகுதி நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஆமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவர் எழுப்பாமல் தூண்களை மட்டும் விட்டவை. மேலே பெட்டி போல் இறுகிய மாடிகள். கீழே மெலிந்த கால்கள். ஆட்டம் முழுவதையும் அந்தக் கால்களே தாங்க வேண்டியிருந்தது. ஆனால் கட்ச் கிராமங்களில் ‘பூங்கா’ எனப்படும் வட்ட வடிவ மண் குடிசைகள் பல தப்பி நின்றன. வட்டச் சுவருக்கு மூலை இல்லை. ஆகவே மூலை பிளப்பதும் இல்லை.

மேஸ்திரியிடம் கேட்க வேண்டியவை

நம்மில் பலர் வேலைக்குச் சென்று ஈட்டும் முதல் பெருந்தொகை, ஊரில் வீடு கட்டத்தான் போகும். அப்போது தரையின் கல்லையும் சுவரின் வண்ணத்தையும் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நாம் வேறு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது: அடித்தள மட்டத்திலும், கதவு சன்னல்களின் மேல்மட்டத்திலும் எல்லாச் சுவர்களையும் சுற்றி அறுபடாமல் ஓடும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை உண்டா? நம் ஊரில் ‘பெல்ட்’ என்பார்கள். கூடையின் விளிம்புக் கட்டு எப்படியோ அப்படி. விளிம்பு கட்டாத கூடை பிரிந்துவிடும். பெல்ட் இல்லாத சுவர் மூலையில் பிளந்துவிடும். கதவின்மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடும் லிண்டல் இந்தப் பணியைச் செய்யாது.

இரண்டாவது: தூண் கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்குகளின் முனை, தூணின் உட்புறமாக 135 பாகைக்கு மடக்கப்பட்டிருக்கிறதா? 90 பாகையோடு நிறுத்தினால், ஆட்டத்தில் மேற்பூச்சு உதிர்ந்தவுடன் ரிங்கு விரிந்துவிடும். உள்ளிருக்கும் கம்பிகள் வளைந்து தூண் நொறுங்கும். இதற்கு ஆகும் அதிகச் செலவு சில அங்குலக் கம்பியும் சிறிது கைவேலையும்தான்.

மூன்றாவது: தரைத்தளம் வெறும் தூண்களால் ஆனதா? ஆனால், பொறியாளர் அதற்கென்று தனியே கணக்கிட்டு வலுவூட்டினாரா?

நான்காவது: தகரமோ ஓடோ வேய்ந்தால், கூரை சட்டத்தோடும் சட்டம் சுவரோடும் இரும்புக் கொக்கிகளால் பிணைக்கப்பட்டிருக்கிறதா?

நிலநடுக்கத்துக்கேற்ப வடிவமைக்கும் இந்தியத் தரவிதி முதன்முதலில் 1962ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. விதி ஏட்டில் இருக்கிறது. அதைக் கட்டடத்தில் ஏற்றுவது, கேள்வி கேட்கும் வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது.

ஊருக்கும் கட்டு வேண்டும்

வீட்டுக்குச் சொன்னது ஊருக்கும் பொருந்தும். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவின் பாரதீப் அருகே பெரும்புயல் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை இருந்தது. ஆனால் எச்சரிக்கையைக் கேட்ட மனிதன் எங்கே போவான்? மேடான இடமில்லை, உறுதியான கட்டடமில்லை, முதியவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லை.

அதன்பின் அம்மாநிலம் பேரிடர்ப் பணிக்கென ஒரு தனி அமைப்பை நிறுவியது. கடலோரத்தில் நூற்றுக்கணக்கான புயல் காப்பகங்கள் எழுந்தன. அவற்றுள் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாகப் பயன்படுகின்றன. அதனால் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை. ஊர்தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி, ஆண்டுதோறும் ஒத்திகை. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பைலின் புயல் கோபால்பூர் அருகே தாக்கியபோது ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே இடம் பெயர்ந்திருந்தனர். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் கடலும் காற்றும் இரக்கம் கற்கவில்லை. மக்கள் ஒருவரோடொருவர் கட்டுண்டு செயற்படக் கற்றார்கள்.

நம் விடுதிக்கு

இனி, நம் நிலை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மாலை உதால்குரிப் பகுதியில் 5.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு, அதன் அதிர்வு இங்கும் தெரிந்தது. மாணவர் பலர் ஒரே படிக்கட்டில் நெருக்கியடித்து இறங்கினர். இறங்கியவர்களில் சிலர் மூச்சு வாங்கி நின்ற இடம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடி! அன்று தீங்கில்லை. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மாலை அசாமின் வடகிழக்கு எல்லையை உலுக்கிய நடுக்கத்தின் அளவோ 8.6. வெளிப்பட்ட ஆற்றலால் அது அன்றையதைப் போல் ஏறத்தாழ 16,000 மடங்கு பெரியது.

ஆகவே சில முறைகளை இன்றே பழகுவோம். மாடியில் இருக்கும்போது நடுங்கினால் ஓடக்கூடாது. உறுதியான மேசையின் கீழ்க் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்றபின் மின்தூக்கியைத் தவிர்த்துப் படிவழியே இறங்கி, கட்டடமும் தொட்டியும் மின்கம்பியும் இல்லாத திடலில் கூட வேண்டும். பின்னதிர்வு வரும், உடனே அறைக்குத் திரும்பலாகாது. கட்டிலின் தலைமாட்டில் நிற்கும் அலமாரியைச் சுவரோடு திருகாணியிட்டுப் பிணைக்க வேண்டும். அல்லது கட்டிலை நகர்த்த வேண்டும். இடருக்கு 112 என்ற எண்ணை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நாம் இங்கே வேற்றுமொழியாளர். ‘பூமிகம்ப’ என்று அசாமிய நண்பன் கூவினால் நமக்குப் புரிந்துவிடும். அதன்பின் அவன் சொல்லும் ‘வெளியே வா’, ‘அங்கே போகாதே’ என்பவை புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்குப் புரியுமா? அத்தகைய பத்துச் சொற்களை உள்ளூர் நண்பர்களிடம் கேட்டு எழுதி, விடுதி அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுவோம். ஒவ்வொரு மாடிக்கும் இருவர், ஒருவர் தமிழரும் ஒருவர் இவ்வூராரும், பொறுப்பேற்கட்டும். யார் எந்த அறையில் இருக்கிறார், யாருக்கு நடக்க உதவி வேண்டும், யாருடைய குருதி எந்த வகை என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கட்டும். பருவத்துக்கொரு முறை திடலில் கூடிப் பெயர் அழைத்துப் பார்ப்போம். நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதற்கு நாள் குறிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.